துப்பாக்கி வைத்திருப்பது தெரிந்ததும் மற்றவர்கள் என்ன கேட்டார்கள், எப்படி நடந்துகொண்டார்கள்?

கறுப்புவட்டம்:

பொழுதுபோக்காகத் துப்பாக்கி சுடுகிறேன் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் என்ன ஆகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஒன்று, கண் விரியும். இல்லையென்றால் நாற்காலி கொஞ்சம் பின்னால் நகரும். நடுவில் நிற்பவர்களை நான் பார்த்ததே குறைவு. அந்த மாதிரி சம்பவங்களை எழுதலாமே என்றுதான் இந்த இழையை ஆரம்பிக்கிறேன். வேட்டை, தற்காப்பு, அரசியல் இதெல்லாம் இங்கே வேண்டாம். இலக்கு அட்டையில் ஓட்டை போடுகிறவர்கள் மட்டும் பேசுவோம்.

என்னிடம் இரண்டு இருக்கின்றன. 10 மீட்டர் தூரத்துக்கு ஓர் ஏர் ரைபிள் (காற்றழுத்தத்தில் பெல்லட் என்னும் சின்ன ஈயக் குண்டைச் சுடுவது), 50 மீட்டருக்கு ஒரு .22 (வெடிமருந்துத் தோட்டா போடும் சின்னக் குழல் ரைபிள்). ஒருமுறை உறவுக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே, "மாப்பிள்ளை, அந்தத் துப்பாக்கியைக் கொஞ்சம் காட்டுங்களேன், ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்றார். வீட்டுக்கு வந்தவரிடம் எப்படி மறுப்பது? ஏர் ரைபிளை எடுத்து, போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் தாழ்) திறந்து, குழலுக்குள் எதுவும் இல்லை என்று நானும் பார்த்து அவருக்கும் காட்டிவிட்டுக் கொடுத்தேன். வாங்கிய கையோடு ஆள்காட்டி விரல் நேராக விசைக்குப் போயிற்று. குழல் முனை சோபாவில் உட்கார்ந்திருந்த அவர் மகனைத் தாண்டி ஜன்னல் வரைக்கும் ஒரு சுற்று வந்தது. ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டேன். "காலியாத்தானே இருக்கு, மாப்பிள்ளை?" என்றார். "காலியா இருக்கும்போதே விரல் அங்க போகுதே, மாமா, அதான்" என்றேன். அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு கொஞ்சம் குறைந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

போட்டி ஏர் ரைபிளின் விசை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. நூறு கிராமுக்கும் குறைவான அழுத்தத்தில் அது விழும். தொட்டோமா இல்லையா என்று நாமே யோசிப்பதற்குள் பெல்லட் போயிருக்கும். அதனால்தான் ஒருவர் கையில் காலித் துப்பாக்கியைக் கொடுத்தால் நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. விரல் எங்கே போகிறது என்று பார்ப்பேன். ஐந்து நொடியில் தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக, அலுவலகத்தில் ஒரு தோழி இருக்கிறார். துப்பாக்கி என்றாலே அவருக்குப் பிடிக்காது, அதை மறைக்கவும் மாட்டார். என்னதான் செய்கிறீர்கள் பார்க்கலாம் என்று ஒருநாள் ரேஞ்சுக்கு, அதாவது நாங்கள் சுடும் களத்துக்கு, வந்தார். ரைபிளைத் தொடுவதற்கு முன்பே, "விரலை எங்க வைக்கணும்?" என்று கேட்டார். அவ்வளவுதான், எனக்கு நிம்மதி. கொஞ்ச நேரம் சுட்டார், நன்றாகவே சுட்டார், இப்போதும் துப்பாக்கி பிடிக்காது என்றுதான் சொல்கிறார். என் ரைபிளைக் கொடுக்கச் சொன்னால் மாமாவை விட்டுவிட்டு அவருக்குத்தான் கொடுப்பேன்.

ரேஞ்ச்காவல்:

விரலைப் பற்றிச் சொன்னீர்கள், நான் திரும்புகிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன். ரேஞ்சில் பாதுகாப்பு அதிகாரியாக நிற்கிற எனக்கு விரலைவிட அதுதான் பெரிய தலைவலி. மனிதன் கேள்வி கேட்க வேண்டுமென்றால் முழு உடம்போடு திரும்புவான். கையில் இருப்பதும் கூடவே திரும்பும். தோட்டா வெடிக்காமல் 'டிக்' என்று மட்டும் சத்தம் வந்தால், புதிதாக வந்தவர்களில் பாதிப்பேர் என்னைப் பார்த்துத் திரும்பி "சார், வெடிக்கல" என்பார்கள். அது தாமதமாக வெடிக்கக்கூடிய தோட்டாவாகவும் இருக்கலாம். முனையை இலக்கின் பக்கமே வைத்து முப்பது நொடி காத்திருக்க வேண்டும், அப்புறம்தான் போல்ட்டைத் திறக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லித்தான் அனுப்புகிறோம். அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வருகிறது? இப்போதெல்லாம் நான் சுடுபவரின் தோளுக்குப் பின்னால் கை எட்டும் தூரத்திலேயே நிற்கிறேன். திரும்பினால் தோளைப் பிடித்துக்கொள்வேன். கோபப்பட்டவர்கள் உண்டு, பரவாயில்லை.

விரல் விஷயத்தில் அலட்சியமாகப் பேசுகிறவர்களுக்கு நான் மேட் எம்மன்ஸ் கதையைச் சொல்வேன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டி. அந்த அமெரிக்கர் முன்னிலையில் இருக்கிறார், கடைசிக் குண்டு ஒன்றுதான் பாக்கி. பக்கத்துத் தடத்தின் இலக்கில் சுட்டுவிட்டார். பூஜ்யம். தங்கம் போய் எட்டாம் இடம். இது பலருக்கும் தெரிந்த கதை. 2008 பெய்ஜிங்கில் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். அதே போட்டி, மறுபடியும் முன்னிலை, மறுபடியும் கடைசிக் குண்டு. இலக்கின் மேல் சரியாக இறங்குவதற்குள் விரல் விசையில் பட்டுவிட்டது. வெறும் 4.4 புள்ளி. நான்காம் இடம். உலகத்தின் மிகச் சிறந்த விரல்களில் ஒன்றுக்கே அப்படி நடக்கும் என்றால் நம் விரல் எம்மாத்திரம்? 2012 லண்டனில் அதே போட்டியில் வெண்கலம் வாங்கினார் என்பதையும் சொல்லி முடிப்பேன். பாதியில் விட்டால் பையன்கள் சோர்ந்துபோகிறார்கள்.

பெல்லட்_டப்பா:

எனக்கு ரேஞ்சைவிட லிஃப்டில்தான் அனுபவம் அதிகம். நீளமான கறுப்புப் பெட்டி. "கிடாரா?" என்று கேட்காத ஆளே இல்லை. சும்மா சிரித்துவைப்பேன். யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்பது கட்டடம் முழுக்கத் தெரிய வேண்டிய சங்கதி இல்லை. திருடனுக்கு அதைவிட நல்ல தகவல் வேறு என்ன இருக்கிறது? படம் எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் புரிவதே இல்லை.

ஆனால் ஒரே ஒருவரிடம் முழுசாகச் சொன்னேன். மகளின் வகுப்புத் தோழி எங்கள் வீட்டில் விளையாட வருவதாக இருந்தது. அவளுடைய அம்மா போன் செய்து, கொஞ்சம் தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்க, துப்பாக்கி இருக்குன்னு குழந்தை சொன்னா. பூட்டித்தான் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அருகில் இருந்த என் மனைவிக்கு முகம் மாறியது. எனக்கு என்னவோ மரியாதைதான் வந்தது. நேரில் வரச்சொல்லிக் காட்டினேன். சுவரோடு போல்ட் அடித்த இரும்பு அலமாரியில் ரைபிள். தோட்டாவும் பெல்லட்டும் வேறு அறையில் வேறு பூட்டில். எல்லாம் பார்த்துவிட்டு அவர் கேட்ட அடுத்த கேள்விதான் அருமை: "சாவி எங்க இருக்கும்?"

அதுதான் சரியான கேள்வி. பூட்டு எவ்வளவு கனம் என்று எல்லோரும் கேட்பார்கள், சாவியைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டில் எந்த டப்பாவில் எது ஒளிந்திருக்கிறது என்று பெற்றவர்களைவிடப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். என்னுடையது எண் பூட்டு, எண் என் தலைக்குள் இருக்கிறது, பிறந்த தேதி இல்லை என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே போனார். குழந்தை மறுநாள் வந்தாள்.

இடக்கண்:

நான் வலக்கையால் எழுதுகிறேன், இடத் தோளில் வைத்துச் சுடுகிறேன். இரண்டு கைகளையும் நீட்டி, நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட்டு, தூரத்தில் ஒரு பொருளைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணுக்கு அந்தப் பொருள் நகராமல் நிற்கிறதோ அதுதான் உங்கள் ஆளும் கண். எனக்கு இடது. இதைப் பயிற்சியாளர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஆனால் ரேஞ்சில் முன்பின் தெரியாத ஆண்கள் அதைத் தினம் திருத்துவார்கள். "மேடம், மாத்திப் பிடிச்சிருக்கீங்க." ஒருவர் கையைப் பிடித்தே மாற்றப் பார்த்தார். சேம்பரில், அதாவது சுடத் தயாராகக் குழலின் பின்முனையில், தோட்டா இருக்கிற நேரத்தில்! அவருடைய ஜாக்கெட், கால்சட்டை, காலணி எல்லாம் புத்தம் புதுசு, என்னுடையதைவிட உசத்தி. தட்டிவிட்டேன். ரேஞ்ச் அதிகாரி வந்து அவரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைத்தார். என் எரிச்சல் அவர் ஆண் என்பதற்காக மட்டும் இல்லை. சுடும் கோட்டில் நிற்பவரைத் தொடக்கூடாது என்கிற அடிப்படை தெரியாமல் அடுத்தவருக்குப் பாடம் எடுக்கிறாரே என்பதுதான்.

இடத் தோளில் வைப்பதில் உண்மையான சிரமம் ஒன்று உண்டு. வலக்கைக்காரர்களுக்கான செமி ஆட்டோ (சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) என்றால் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு முகத்துக்கு முன்னால் பறக்கும். கண்ணாடி இல்லாமல் நான் நிற்பதே இல்லை. மற்றபடி கை மாறினால் சுட முடியாது என்று சொல்பவர்கள் ஹங்கேரியின் கரோலி டகாக்ஸைப் படிக்கட்டும். 1938இல் கையெறி குண்டு வெடித்து வலக்கை சிதைந்தது. இடக்கையால் பழகி 1948இலும் 1952இலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார்.

களிமண்தட்டு:

நான் ஷாட்கன் ஆள், காற்றில் பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுட்டு உடைப்பவன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் பிறகு என்னிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "அந்தத் துருக்கிக்காரர் மாதிரி பாக்கெட்டில் கைவிட்டுச் சுடுவீங்களா?" யூசுஃப் டிகெச் சுட்டது ஏர் பிஸ்டல், கலப்பு அணியில் வெள்ளி. பிஸ்டலை ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும், மற்றக் கை ஆடாமல் இருக்கப் பாக்கெட்டில் போடுவது அந்தப் போட்டியில் சாதாரண வழக்கம். '12 bore' எனப்படும் பெரிய குழல் ஷாட்கன்னை அப்படி ஒரு கையால் சுட்டால் எலும்பு டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

இன்னொரு கேள்வி, "காதுல எதுக்கு ரெண்டு அடுக்கு?" உள்ளே நுரையாலான காதடைப்பான், மேலே காதை முழுக்க மூடும் மஃப். வெடிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும், ஒரே ஒரு முறை கேட்டாலே காது நிரந்தரமாகக் கெட வாய்ப்புண்டு. நண்பன் ஒருவன் "ஒரு ரவுண்டுதானே" என்று மஃப்பைக் கழற்றிவிட்டு நின்றான். இப்போது அவனுக்கு அமைதியான அறையில் தூங்க முடியாது, காதுக்குள் விசில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்கு மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சும்மாபடிக்கிறவன்:

நான் சுடுபவன் இல்லை, படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று கேட்கலாமா? நீங்கள் எல்லோரும் இவ்வளவு பயந்து பயந்து பூட்டி வைக்கிறீர்கள். அட்டையில் ஓட்டை போடத்தானே? அது எதற்கு வீட்டில்? ரேஞ்சிலேயே வைத்துவிட்டால் என்ன?

பெல்லட்_டப்பா:

நல்ல கேள்வி, கிண்டலாகக் கேட்டிருந்தாலும் பதில் சொல்கிறேன். ஏர் ரைபிளைப் பொறுத்தவரை, பயிற்சியில் பெரும்பகுதி பெல்லட்டே இல்லாமல் வீட்டில் நடப்பது. சுவரில் ஒரு சின்னப் புள்ளி, காலித் துப்பாக்கி, மூச்சு, விசை. 10 மீட்டர் ரைபிள் அட்டையில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் அகலம், பென்சில் முனையால் வைத்த புள்ளி அளவு. சுமார் ஐந்து கிலோவைத் தூக்கிக்கொண்டு நின்று அதை அடிக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை ரேஞ்சுக்குப் போனால் மட்டும் அது வராது.

ஆனால் .22 விஷயத்தில் நீங்கள் சொல்வதை நான் பாதி ஒத்துக்கொள்கிறேன். அதன் தோட்டா ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேலும் போகும். அதை வீட்டில் வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இடக்கண்:

இதற்கு நானும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒருவருக்கு மனசு மிகவும் சரியில்லாமல் போன காலம் உண்டு. என்ன ஏது என்று விவரம் வேண்டாம். அவர் மாத்திரை ஆரம்பித்த அன்றே கிளப்புக்குப் போன் செய்து, துப்பாக்கியை அங்கே லாக்கரில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். "கொண்டுவாங்கம்மா" என்றார் செயலாளர். ஏன் என்று கேட்கவில்லை. அதற்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். பூட்டை நான் நம்பினேன், ஆனால் அது பூட்டை நம்பும் நேரம் இல்லை. அவருக்குத் தேறிய பிறகும் நான் திரும்பக் கொண்டுவர அவசரப்படவில்லை. பயிற்சி கெட்டது, புள்ளி குறைந்தது, அதனால் என்ன?

துப்பாக்கியை வீட்டைவிட்டு அனுப்பினால் ஏதோ தோற்றுவிட்ட மாதிரி பேசுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

ரேஞ்ச்காவல்:

அம்மா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். எந்தக் கிளப்பாக இருந்தாலும் கேளுங்கள். இடம் இருந்தால், சட்டம் அனுமதித்தால், வைத்துக்கொள்வார்கள்.

சும்மாபடிக்கிறவன்:

கிண்டலாகக் கேட்கவில்லை, கேட்டது அப்படி ஒலித்திருந்தால் மன்னிக்கவும். கடைசிப் பதிவுகளைப் படித்த பிறகு ஒருமுறை வந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது. சுடவேண்டும் என்று கட்டாயம் இல்லையே?

கறுப்புவட்டம்:

கட்டாயமே இல்லை, பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகலாம். உங்கள் ஊரில் கிளப் இருந்தால், பார்வையாளராக வரலாமா என்று முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். முன்பக்கம் மூடிய செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். அங்கே எதையும் சாப்பிடாதீர்கள். கிளம்பும்போது கையைக் குளிர்ந்த தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள், ஈயத் தூசு கையோடு வீட்டுக்கு வரும். காதுக்கும் கண்ணுக்கும் அவர்களே கொடுப்பார்கள், அளவு சரியாக இல்லையென்றால் கூச்சப்படாமல் மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம் கழுத்து ஒட்டிய சட்டை போடுங்கள். மனசு மாறி நீங்களும் ஒரு ரவுண்டு சுட உட்கார்ந்தால், பக்கத்துத் தடத்திலிருந்து சூடான காலிக் கூடு சட்டைக்குள் விழ வாய்ப்பு உண்டு. விழுந்தால் கையில் இருப்பதை, முனை இலக்கைப் பார்த்தபடி, முதலில் மேசையில் வையுங்கள். அதன் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் குதிக்கலாம், யாரும் சிரிக்க மாட்டோம். ரேஞ்ச்காவல் மட்டும் சிரிப்பார்.