ஏர் பிஸ்டல் போட்டியில் கை நடுங்கியபோது நான் செய்தது

துப்பாக்கி சுடுகிறவர்கள் பேசிக்கொள்ளும் இந்தப் பக்கத்தில், போட்டியில் கை நடுங்குவதைப் பற்றி ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் என் முதல் மாநிலப் போட்டிதான் நினைவுக்கு வந்தது. எனக்கு ஊர் சோமனூர். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன்; காற்றழுத்தத்தில் இயங்கும் கைத்துப்பாக்கியால் பத்து மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கைச் சுடும் போட்டி அது.

அன்று ஆரம்பத்தில் ஒரு குறையும் இல்லை. போட்டிக்கு முன் தரும் 15 நிமிட சைட்டிங்கில், அதாவது கணக்கில் சேராத பயிற்சிச் சுடுதலில், ஒன்பதும் பத்துமாக விழுந்தது. 'ஸ்டார்ட்' என்ற குரல் வந்ததும் தொண்டை வறண்டுபோனது. கையை நீட்டினால் நெஞ்சு அடிக்கிற அடிக்கெல்லாம் முன் சைட், அதாவது குறி பார்க்கக் குழல் நுனியில் இருக்கும் முனை, துள்ளுகிறது. இலக்கின் நடுவில் பத்துப் புள்ளி தரும் வளையத்தின் அகலம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவுதான். முதல் குண்டு ஏழு. அதை ஈடுகட்டும் அவசரத்தில், சைட் இலக்கின் நடுவிலுள்ள கறுப்பு வட்டத்துக்கு அடியில் வந்து நின்ற நொடியில் ட்ரிக்கரை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். ஆறு, இடது பக்கம் கீழே. வலது கைக்காரர்கள் பதறி இழுத்தால் பெரும்பாலும் அங்கேதான் போகும். முதல் பத்து குண்டில் நூற்றுக்கு 85.

பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பயிற்சியில் எங்கள் சார் ஓயாமல் சொல்வது அப்போதுதான் உறைத்தது: "ஆடறத நிறுத்தோணும்னு பாக்காத கண்ணு. யாருக்குத்தான் ஆடல? நீ முன் சைட்ட மட்டும் பாரு. நேரமாச்சுன்னா இறக்கி வெச்சுப்போட்டு மறுக்கா தூக்கு."

இறக்கி வைப்பது கேட்க எளிது, செய்யத்தான் மனசு வராது. இவ்வளவு நேரம் பிடித்தோமே, சுட்டுவிடலாம் என்றே விரல் சொல்லும். ஆனால் மூச்சைப் பிடித்து ஏழெட்டு நொடி தாண்டினால் கண் மங்கத் தொடங்கும், கை இன்னும் ஆடும். அறுபது குண்டுக்கு 75 நிமிடம் என்றால் ஒன்றுக்கு 75 நொடி இருக்கிறது. இரண்டு முறை இறக்கி ஏற்றினாலும் நேரம் போதும். இதை நான் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். போட்டியில் உட்கார்ந்து போட்டேன்.

அப்புறம் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே வரிசைதான். நின்ற இடத்தில் கால், மூச்சு, கையை ஏற்றுதல், மங்கலான கறுப்புக்கு முன்னால் கூர்மையாக சைட், விரலில் மெல்ல ஏறும் அழுத்தம். திரையில் வரும் ஸ்கோரை முடிந்தவரை பார்க்கவில்லை. நடுக்கம் கடைசி வரை போகவில்லை. இரண்டாம் பத்தில் 92 வந்தது.

சத்தம் தொந்தரவு என்று எழுதியிருந்த தம்பிக்கு: எங்கள் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. தறிக்குடோனிலேயே வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, பெல்லட் (குண்டு) போடாமல் வெறுமனே ட்ரிக்கரை அழுத்திப் பழகும் டிரை ஃபயரைத் தினம் அரை மணி நேரம் செய்கிறேன். அந்தச் சத்தத்துக்குப் பழகினவளுக்குப் பக்கத்து லேனில் நடப்பது எதுவும் கேட்பதில்லை. தறி இல்லாதவர்கள் டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொருவர் படபடப்புக்கு மாத்திரை போடலாமா என்று கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் துப்பாக்கி சுடுதலில் தடை செய்யப்பட்டவை, போட்டி இல்லாத நாட்களிலும்கூட. பிரஷருக்கு ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் பேசி, முறையான அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசி குண்டுக்கு இரண்டு முறை ஏற்றி இறக்கினேன். மூன்றாம் முறை சுட்டேன். ஒன்பது. வெளியே வந்ததும் சார் ஸ்கோரைக் கேட்கவில்லை. "எத்தன தடவ இறக்குன?" என்றார்.

"பத்தொம்பது தடவைங்க சார்."