இரண்டு படமும் சரி, சேர்த்தால் நிற்கிறது: உங்களுக்கு நடந்திருக்கிறதா?

நொய்யல்கரை:
நாலு மாதமாகியும் மனசை விட்டுப் போகவில்லை. ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கும் அவர்கள் துணி கொடுக்கும் சாயப்பட்டறைக்கும் இடையே ஆர்டர் ஓட்டத்தை பிபிஎம்என்னில் (வேலை நடக்கும் வரிசையைப் படமாக வரையும் குறியீட்டு முறை) வரைந்து கொடுத்தவன் நான். ஆளுக்கொரு படம். தனித்தனியாகச் சோதித்ததில் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் ஏற்றுமதிக்காரர் ஒரு லாட்டை ரத்து செய்த அதே நேரம், பட்டறை ‘துணி ஏற்றியாச்சு’ என்று அனுப்பிவிட்டது. இவர்கள் ரத்துக்கான ஒப்புதலுக்குக் காத்திருக்க, அவர்கள் துணி பெற்ற ரசீதுக்குக் காத்திருக்க, வண்டி கேட்டுக்கு வெளியே நின்றது. சிஸ்டத்தில் பதிய வழியில்லை என்று செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. டிரைவர் தார்ப்பாய்க் கயிற்றைப் பாதி அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டினார். அந்தக் கயிறுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

குறிவலை:
எனக்கு இதே கதை மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் நடுவே. திருத்திய பில்லும் பழைய பில்லுக்கான அனுமதியும் வழியில் தாண்டிப் போக, ஒரு நோயாளி மாலை வரை டிஸ்சார்ஜ் ஆகவில்லை.

நொய்யல்கரை, தனித்தனிச் சோதனை போதாது. வேலை ஓட்டங்களை ஆராயும் கணினி அறிவியலாளர் வான் டெர் ஆல்ஸ்ட் 1990களின் கடைசியிலேயே காட்டிவிட்டார்: ஒவ்வொரு நிறுவனத்தின் படமும் பழுதில்லாமல் இருக்கலாம், சேர்த்த படம் முடங்கலாம். இரண்டு படத்தையும் பெட்ரி வலையாக மாற்றுங்கள்: நிலைகள் வட்டங்கள், வேலைகள் கட்டங்கள், வேலை நடக்க நடக்க வட்டம் விட்டு வட்டம் நகரும் புள்ளிகள் டோக்கன்கள். போகும் ஒவ்வொரு செய்திக்கும் நடுவில் ஒரு வட்டம் போடுங்கள். அப்புறம் பாருங்கள்: எந்த நிலையிலிருந்தும் முடிவை எட்ட முடிகிறதா, முடியும்போது எங்காவது டோக்கன் மிச்சம் கிடக்கிறதா, ஒருபோதும் நடக்கவே முடியாத வேலை ஏதும் உண்டா. உங்கள் ரத்துச் செய்தி அந்த வட்டத்திலேயே எடுக்க ஆளில்லாத டோக்கனாகக் கிடப்பது வண்டி கிளம்பும் முன்பே தெரிந்திருக்கும்.

மூன்றாம்ஷிப்ட்:
குறிவலை சொல்வதற்கு இரண்டு படமும் ஒரே மேசைக்கு வர வேண்டும். எனக்கு வரவே இல்லை. எதிர்த்தரப்பு உள்வேலையைக் காட்ட மறுத்து, என்ன அனுப்புவோம், என்ன வாங்குவோம் என்று ஒரே ஒரு தாள் கொடுத்தார்கள். எது முன், எது பின் என்றுகூட அதில் இல்லை. இன்னொன்று, நடுவில் எத்தனை செய்தி வேண்டுமானாலும் அனுப்பிய வரிசையிலேயே தேங்கலாம் என்று விட்டால், முடங்குமா முடங்காதா என்று எல்லா அமைப்புக்கும் தீர்ப்புச் சொல்லும் நிரல் எழுதவே முடியாது. பிராண்ட், ஜாஃபிரோபுலோ என்ற இரு கணினி ஆய்வாளர்கள் 1983இலேயே நிறுவியது. தேக்கத்துக்கு உச்சவரம்பு வைத்துவிட்டுச் சோதியுங்கள்.

நொய்யல்கரை:
எனக்கு இரண்டு படமும் கையில் இருந்தன, மூன்றாம்ஷிப்ட். அதுதான் உறுத்துகிறது. பட்டறைப் பக்கம் ‘ஏற்றிய பின் வந்த ரத்து’ என்று ஒரு கிளை சேர்த்தாகிவிட்டது. திரும்பிப் போகும் வண்டிக்கு வாடகை யார் தருவது என்று அந்தக் கிளையில் எழுதத்தான் இரண்டு தரப்பும் இன்னும் ஒத்துவரவில்லை.