மைக்ரோகன்ட்ரோலர் கற்கத் தொடங்குவதற்கு ஏற்ற பலகை எது?

தொட்டிச்செடி எழுதியது:

வணக்கம். நான் கணக்கராகப் பணிபுரிகிறேன். மின்னணுவியல் படித்ததில்லை, பைத்தானில் சிறு நிரல்கள் எழுதத் தெரியும். மண்ணின் ஈரத்தை அறிந்து மாடித் தோட்டத்துக்குத் தானாகவே தண்ணீர் விடும் கருவி ஒன்றைச் செய்து பார்க்கும் ஆவலில், மைக்ரோகன்ட்ரோலர் (கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சிப்) நிரலாக்கத்தைப் பொழுதுபோக்காகக் கற்க விரும்புகிறேன். ஆர்டுயினோ ஊனோ பலகை போதும் என்பவர்களும், அது பழையது, ஈஎஸ்பி32 வாங்குங்கள் என்பவர்களும் இருக்க, பொறியியல் படித்த என் மைத்துனரோ 8051 என்ற பழைய சிப்பில் தொடங்கினால்தான் அடிப்படை விளங்கும் என்கிறார். எதை வாங்குவது? சி மொழியை முழுமையாகக் கற்ற பிறகுதான் பலகையைத் தொட வேண்டுமா?

எட்டுபிட் எழுதியது:

உங்கள் மைத்துனர் சொல்வதில் பாதி சரி. ஆனால் இன்டெல் 1980-இல் வெளியிட்ட 8051-இல் கற்கும் அடிப்படைகளை ஊனோவிலேயே, யூஎஸ்பி கேபிளைச் செருகிய மாத்திரத்தில் கற்கத் தொடங்கலாம். அதன் ஆர்3 வகையிலுள்ள ஏடிமெகா328பி சிப்பில் நிரலுக்கு 32 கிலோபைட்டும் மாறிகளுக்கு 2 கிலோபைட்டும்தான் இடம். அவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் எந்த ரெஜிஸ்டர் (சிப்பின் செயலைக் கட்டுப்படுத்தும் சிறு நினைவிடம்) என்ன செய்கிறது என்பதை டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில்) தேடிப் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறது. 13-ஆம் பின்னில் (இணைப்புக் காலில்) உள்ள எல்இடியை முதலில் ஆர்டுயினோ தரும் ஃபங்ஷனைக் கொண்டு மினுக்குங்கள். பிறகு அந்தப் பின்னை ஆளும் டிடிஆர்பி, போர்ட்பி ரெஜிஸ்டர்களின் 5-ஆம் பிட்டை நேரடியாக மாற்றி அதையே செய்து பாருங்கள். இந்த இரண்டாவது பயிற்சியைத் தவிர்ப்பவர்கள் பிறர் எழுதிய நிரலை ஒட்டிக்கொண்டே காலம் கழிக்கிறார்கள் என்பது என் கருத்து.

சி மொழிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் பைத்தானிலிருந்து வருபவர் எண்களின் அளவைக் கவனிக்க வேண்டும். ஊனோவில் இன்ட் என்ற முழு எண் வகை 16 பிட். 32,767-க்கு மேல் கொள்ளாது. ஒரு நிமிடம் காத்திருக்க எண்ணி மில்லிவினாடிக் கணக்கில் காத்திருக்கும் டிலே ஃபங்ஷனுக்கு 60 * 1000 என்று கொடுத்தால், பெருக்கல் வரம்பு மீறி −5536 ஆகிவிட, அதைக் குறியில்லாத 32 பிட் எண்ணாக எடுத்துக்கொண்டு பலகை 49 நாட்களுக்கும் மேலாகக் காத்திருக்கும். செடி அதுவரை தாங்காது. 60-ஐ ஒட்டி யுஎல் (UL, குறியில்லாத 32 பிட் எண் எனும் குறிப்பு) என்று சேர்த்து எழுதினால் போதும்.

வைஃபைவிரும்பி எழுதியது:

நான் உடன்படவில்லை. பைத்தான் அறிந்தவருக்கு ஈஎஸ்பி32-இல் மைக்ரோகன்ட்ரோலருக்கான பைத்தானான மைக்ரோபைத்தான் இருக்கிறது. அதன் வைஃபை வழியே ஈர அளவைக் கைப்பேசியிலேயே பார்க்க முடிந்தால் ஆர்வமும் குறையாது. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும்: அதன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை, 5 வோல்ட்டை நேரடியாகக் கொடுக்கக் கூடாது. சென்சாரின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி பகுதிகள் இரண்டில், வைஃபை இயங்கும்போது ஏடிசி2 பயன்படாது என்பதால், சென்சாரை 32 முதல் 39 வரையுள்ள ஏடிசி1 பின்களில் ஒன்றில் இணையுங்கள்.

தொட்டிச்செடி எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஊனோவையே முதலில் வாங்குகிறேன். சிறிய மோட்டார் பம்பை அதன் பின்னிலேயே இணைக்கலாமா?

எட்டுபிட் எழுதியது:

கூடாது. ஒரு பின் தாங்கும் உச்ச வரம்பே 40 மில்லிஆம்பியர். 20-க்குள் வைத்துக்கொள்வது நல்லது. பம்புக்குத் தனி மின்சாரம் கொடுத்து, இடையில் மாஸ்ஃபெட் (மின்னணுச் சுவிட்ச்) ஒன்றை வைத்து, பலகை, பம்பு மின்சாரம் இரண்டின் கிரவுண்டுகளையும் (எதிர்முனைகளையும்) இணைத்து, மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டையோடை (ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் உறுப்பை) தலைகீழாகப் போடுங்கள். இல்லாவிட்டால் மோட்டார் நிற்கும் கணத்தில் எழும் மின்னழுத்தம் மாஸ்ஃபெட்டைக் கெடுத்துவிடும். இரண்டு உலோகக் கால்கள் மண்ணில் புதையும் மலிவான சென்சார் மின்பகுப்பால் விரைவில் அரித்துப்போகும் என்பதால் உலோகம் மண்ணைத் தொடாத கெபாசிட்டிவ் வகையை வாங்குங்கள். சென்சார் மண்ணிலிருந்து நழுவி வெளியே கிடந்தாலும் நிரலுக்கு அது வறண்ட மண்ணாகவே தெரியும். ஆகவே ஈர அளவு எதுவானாலும் ஒரு முறைக்கு இத்தனை வினாடிக்கு மேல் பம்பு ஓடக் கூடாது என்ற வரம்பை முதல் நாளே நிரலில் எழுதிவிடுங்கள்.