புதுப்பிப்பு: படிக்கத் தகுந்த காதல் நாவல்கள்

நல்ல காதல் நாவலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். நட்சத்திர மதிப்பெண்களை விட்டுவிட்டு, குறை சொல்லும் விமர்சனங்களைப் படிக்கச் சொன்னீர்கள். நன்றாகவே கைகொடுக்கிறது. ‘ரொம்ப மெதுவாக நகர்கிறது’ என்று ஒருவர் அலுத்துக்கொண்ட நாவல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இருவரும் கை கோப்பதற்கே பாதிப் புத்தகம் ஆகிறது. அதற்குள் அவர்களுடைய கோபமும் கூச்சமும் நமக்கு அத்துப்படி.

அப்புறம், விமர்சனம் எழுதும்போது காதலர்கள் இருவரையும் பிரிப்பது எது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். ஐந்து நிமிடம் பேசினால் தீர்கிற சந்தேகமா, நிஜமான தடையா? 1847இல் வந்த ‘ஜேன் அயர்’ என்ற ஆங்கில நாவல் இன்றும் உலுக்குவது அதனால்தான்: மணமகனுக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது கல்யாண நேரத்தில் தெரிகிறது, காதல் குறையாமலே நாயகி ஜேன் அவனை விட்டுக் கிளம்பிவிடுகிறாள். இப்படிப்பட்ட நாவல்கள் தெரிந்தால் சொல்லுங்கள், முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.