வெல்டிங் ஆய்வில் 'டிஸ்கண்டினியூட்டி': 'குறைபாடு' பொருந்தாது, 'இடையறவு' பொருந்தும்

பெருந்துறை ஐயா அவர்களுக்கும், கரூர் அம்மையாருக்கும், திருச்செங்கோட்டுத் தம்பிக்கும், குழுவிலுள்ள மற்றவர்களுக்கும் வணக்கம்.

வெல்டிங்கில் உலோகத்தின் சீர் நடுவில் அறுபட்டிருப்பதைக் குறிக்கும் டிஸ்கண்டினியூட்டி என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடி ஒரு வாரமாக நடக்கும் உரையாடலை முழுவதும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோவையிலும் சுற்றுப்புறத்திலும் வெல்டிங் ஆய்வு செய்து வருபவன் என்ற முறையில், இந்த ஒரு சொல்லைத் தவறாகத் தேர்ந்துவிட்டால் பட்டறையில் என்ன நேரும் என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால் கடிதம் சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

பெருந்துறை ஐயா 'குறைபாடு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, 'ஏற்கத்தக்க குறைபாடு', 'ஏற்கத்தகாத குறைபாடு' என்று அடைமொழியால் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார். எளிமையான வழிதான், ஆனால் அந்த வழியில் நானே ஒருமுறை நடந்து சறுக்கியிருக்கிறேன். பத்து ஆண்டுகளுக்கு முன்பு, நூற்பாலை ஷெட் ஒன்றுக்கான தூண்களை ஒரு பட்டறையில் ஆய்வு செய்தபோது, அடித்தகட்டோடு தூண் சேரும் இடத்தில், வெல்டிங்கின் ஓரம் தகட்டை அரித்தாற்போன்ற பள்ளம், அதாவது அண்டர்கட், இரண்டு இடங்களில் இருந்தது. ஆழம் அரை மில்லிமீட்டருக்கு மேல் இல்லை. அந்த வேலைக்கு ஒப்புக்கொள்ளப்பட்டிருந்த ஏ.டபிள்யூ.எஸ். டி1.1 என்ற, எஃகுக் கட்டமைப்பு வெல்டிங்குக்கான அமெரிக்க விதித்தொகுப்பின்படி அது ஏற்கத்தக்கதே. ஆங்கில அறிக்கையோடு, பட்டறை ஆட்களுக்காகத் தமிழில் ஒரு துண்டுச்சீட்டும் எழுதிக் கொடுப்பது என் வழக்கம். அதில் 'இரண்டு இடங்களில் குறை உள்ளது, ஏற்கத்தக்கது' என்று எழுதினேன். படித்தவர்களுக்குக் 'குறை' என்ற சொல்தான் கண்ணில் பட்டது. 'ஏற்கத்தக்கது' என்பது மனத்தில் ஏறவில்லை. நல்ல எண்ணத்தோடுதான் அன்று மாலையே கிரைண்டரால் அந்த இடங்களைக் குடைந்து, முன்சூடு கொடுக்காமல், ஓவனில் வைத்து உலர்த்தாத வெல்டிங் ராடைக் கொண்டு ஒரு விரற்கடை நீளத்துக்குச் சிறு பூச்சுப் பூசிவிட்டார்கள். முப்பத்திரண்டு மில்லிமீட்டர் தகட்டின் மேல் அவ்வளவு சிறிய பூச்சு விழுந்தால், தகடு சூட்டை நொடியில் உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்து எஃகு விறைத்துக் கடினமாகும். ஈர ராடிலிருந்து புகுந்த ஹைட்ரஜனும் சேர்ந்தால் வெடிப்புக்கு வேறு காரணம் வேண்டியதில்லை. இரண்டு நாள் கழித்து டிபி, அதாவது சாயம் ஊறவிட்டு வெடிப்பைக் காட்டும் சோதனை, அடித்துப் பார்த்தபோது, வெள்ளைப் பூச்சின் மேல் மெல்லிய சிவப்புக் கோடு எழுந்தது. ஏற்கத்தக்கதாக இருந்த ஒன்றை, எந்த நிலையிலும் ஏற்க முடியாத ஒன்றாக மாற்றியதில் என் சீட்டில் இருந்த அந்த ஒரு சொல்லுக்குப் பங்கு உண்டு. அதைப் பட்டறையின் மேல் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே நம் முன்னுள்ள கேள்வியை நான் இப்படிப் பார்க்கிறேன். ஆய்வாளர் காண்பது ஒன்று; விதி அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது வேறொன்று. கண்டதைக் குறிக்கும் சொல்லுக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. குறை, குறைபாடு, குற்றம், ஊனம், பழுது ஆகிய அனைத்துமே தமிழ்க் காதுக்குத் தீர்ப்புச் சொற்கள். ஒன்றைக் 'குறை' என்று சொன்னவுடன் அதை நிறைசெய்ய வேண்டும் என்ற எண்ணம் தானாக எழுகிறது. 'ஏற்கத்தக்க' என்ற அடைமொழியால் அந்த எண்ணத்தை அடக்கிவிட முடியாது.

தீர்ப்பு விதியைப் பொறுத்தது என்பதற்கு அதே டி1.1-லிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். இருபத்தைந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த தடிமனுள்ள எஃகில், நிலையான சுமை தாங்கும் கட்டமைப்பாக இருந்தால், அண்டர்கட் 1 மி.மீ. ஆழம் வரை பொதுவாக ஏற்கப்படும். சுமை ஓயாமல் ஏறி இறங்கும் கட்டமைப்பின் முதன்மை உறுப்பில், இழுவிசைக்குக் குறுக்காக அந்த வெல்டிங் அமைந்திருந்தாலோ, 0.25 மி.மீ. தாண்டக் கூடாது. 0.8 மி.மீ. ஆழமுள்ள ஒரே பள்ளம், ஒரே வெல்டர் கையில் ஒரே ராடில் விழுந்தது, ஷெட் தூணில் இருந்தால் நின்றுவிடுகிறது. மற்றொன்றில் இருந்தால் தள்ளப்படுகிறது. உலோகம் மாறவில்லை, அளவு மாறவில்லை, மாறியது வேலையின் தன்மையும் அதற்குரிய வரம்பும் மட்டுமே. அந்தப் பள்ளத்துக்கு இரண்டு இடத்திலும் பொருந்தும் ஒரு பெயர் வேண்டும். தள்ளப்பட்ட பிறகு மட்டும் சூட்டும் இன்னொரு பெயரும் வேண்டும். ஆங்கிலத்தில் முன்னது டிஸ்கண்டினியூட்டி, பின்னது டிஃபெக்ட். டிஃபெக்ட் எல்லாம் டிஸ்கண்டினியூட்டியே, டிஸ்கண்டினியூட்டி எல்லாம் டிஃபெக்ட் அல்ல என்பது ஆய்வாளர் பயிற்சியில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம்.

கரூர் அம்மையார் முன்வைத்த 'தொடர்ச்சியின்மை'யில் தீர்ப்பு இல்லை. அந்த அளவில் அது 'குறைபாட்டை' விட எவ்வளவோ மேல். பள்ளிக் கணக்குப் பாடத்தில் சார்புகளைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது என்ற அவரது வாதமும் சரியானது. ஆனால் நம் துறையில் அதற்கு ஓர் இடர் இருக்கிறது. கரூரில் பேருந்துக் கூடு கட்டும் இடங்களை அம்மையார் என்னைவிட நன்கு அறிந்திருப்பார். அங்கே தகட்டைச் சட்டத்தோடு சேர்க்கும்போது, ஐம்பது மில்லிமீட்டர் வெல்டிங், பிறகு இடைவெளி, பிறகு ஐம்பது என்று விட்டுவிட்டு வைப்பார்கள். தகடு சூட்டில் நெளியாமல் இருப்பதற்காக வரைபடத்திலேயே அப்படிக் குறித்திருக்கும். அதுதான் உண்மையில் 'தொடர்ச்சியற்ற வெல்டிங்'. வடிவமைப்பாளர் வேண்டுமென்றே விட்ட இடைவெளிக்கும், வெல்டர் அறியாமல் உள்ளே தங்கிவிட்ட கசடுக்கும் ஏறத்தாழ ஒரே பெயர் அமைந்தால், அறிக்கையைப் படிப்பவர் எதை எதுவென்று கொள்வார்? கணக்குக்கும் வெல்டிங்குக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் இருப்பதாலேயே தமிழிலும் ஒரே சொல் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நான் முன்வைப்பது 'இடையறவு'. 'இடையறாது பெய்த மழை', 'இடையறாத உழைப்பு' என்று நாள்தோறும் படிக்கிறோம், எழுதுகிறோம். அதன் மறுதலைதான் இது. உலோகம் ஒரே சீராக ஓடிவருகையில், காற்றுக்குமிழியோ கசடோ வெடிப்போ குறுக்கிட்டு அந்தச் சீர் இடையில் அறுபடுகிறது, அதுவே இடையறவு. அறுபட்டது என்றுதான் சொல்கிறதே ஒழிய, கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. வல்லுநர்கள் மட்டும் புரிந்துகொள்ளும் சொல்லாகப் போய்விடுமோ என்ற ஐயம் எனக்கும் இருந்ததால், சென்ற வியாழனன்று கோவையில் கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் வயதில் மூத்த வெல்டர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, "ஏனுங்க, ஓடி வந்தது நடுவுல அத்துப்போனதுன்னுதானுங்க சொல்றீங்க?" என்று கேட்டார். வாய்க்காலில் தண்ணீர் அத்துப்போவதையும் பாவில் இழை அத்துப்போவதையும் சொல்லிப் பழகிய நம் ஊருக்கு இந்தச் சொல்லின் வேர் அயலாக இல்லை என்பது எனக்கு அப்போது உறுதியாயிற்று.

இலக்கண வகையில் ஒரு சிக்கல் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. பெயரடை வேண்டும்போது 'இடையற்ற' என்று எழுதினால், இடைவெளி அற்ற, அதாவது தொடர்ச்சியான என்று நேர்மாறாகப் பொருள்படும். அதனால் 'இடையறவுள்ள மூட்டு', 'இடையறவற்ற மூட்டு' என்று முழுச்சொல்லோடு 'உள்ள', 'அற்ற' சேர்த்தே எழுத வேண்டும் என்பதைச் சொல்லோடு ஒரு குறிப்பாகவே நாம் தந்துவிடுவது நல்லது. பன்மையில் 'இடையறவுகள்', தொகையில் 'இடையறவு வகை', 'இடையறவு நீளம்' என்று தடையில்லாமல் வருகிறது.

இன்னொரு தடையும் எழலாம். ஐ.எஸ்.ஓ. 6520 தரத்தில் வெல்டிங்கில் காணப்படுபவற்றை ஆறு தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள்: வெடிப்புகள் 100 வரிசையிலும், குழிவுகள் 200-இலும், உள்ளே தங்கிய திடப்பொருள்கள் 300-இலும், உருகிச் சேராமையும் ஊடுருவாமையும் 400-இலும், வடிவமும் அளவும் பற்றியவை 500-இலும், எஞ்சியவை 600-இலும் வருகின்றன. இவற்றில் 500 வரிசையில் வரும் மிகையான மேடும், தகடுகள் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி நிற்பதும் உலோகத்தின் ஓட்டம் அறுபட்டவை அல்ல. இடையறவு என்ற சொல் அங்கே ஒட்டாது. ஆனால் ஐ.எஸ்.ஓ. அங்கே பயன்படுத்துவது டிஸ்கண்டினியூட்டி என்ற சொல்லே அல்ல, இம்பர்ஃபெக்ஷன் என்ற சற்று அகன்ற சொல். இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லில் அடைக்க முயல்வதால்தான் நாம் இந்த வாரம் முழுவதும் சுற்றிச் சுற்றி வந்தோம் என்று எண்ணுகிறேன். அகன்ற சொல்லுக்குப் 'பிறழ்வு' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. மருத்துவத் தமிழில் அதற்குச் சிறிது கெட்ட பெயர் இருப்பதால், அதைத் தனியே விவாதிப்போம்.

டிஃபெக்ட் என்பதற்குப் 'பழுது' போதும். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. பழுது என்றால் பழுதுபார்க்க வேண்டும் என்பது நம் வழக்கிலேயே இருக்கிறது; மோட்டார் பழுது என்றால் யாரும் அப்படியே ஓட்டுவதில்லை. விதியின் வரம்பைத் தாண்டிய இடையறவு எதுவோ அதுவே பழுது. அதைக் குடைந்தெடுத்துத் திரும்ப வெல்டிங் செய்ய வேண்டும், அல்லது அந்தப் பாகத்தைக் கழிக்க வேண்டும். வெடிப்பு மட்டும் டி1.1-இன்படி எவ்வளவு சிறியதானாலும் எங்கே இருந்தாலும் பழுதுதான். அதற்கு அளவு வரம்பே கிடையாது.

மூன்றாவதாக இண்டிகேஷன், அதாவது சோதனையில் கண்ணுக்குத் தெரியும் தோற்றம். இதைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை, ஆனால் இதைச் சேர்க்காமல் மற்ற இரண்டும் நிற்கா. டிபி சோதனையில் சிவப்புச் சாயத்தைப் பூசி, வெல்டிங்காக இருந்தால் குறைந்தது ஐந்து நிமிடமாவது ஊறவிட்டு, மேற்பரப்பைத் துடைத்து, வெள்ளை டெவலப்பரை அடித்தபின் கசிந்து தெரியும் சிவப்பு, உலோகத்தில் உள்ள இடையறவு அன்று. அதன் வெளித்தோற்றம் மட்டுமே. சரியாகத் துடைக்காமல் வெல்டிங்கின் வரிவடுக்களில் தங்கிய சாயமும் அதேபோல்தான் சிவக்கும். எக்ஸ்ரே ஃபிலிமில் காற்றுக்குமிழி கறுப்பாகவும், உள்ளே சிக்கிய டங்ஸ்டன் எஃகைவிட அடர்த்தி மிகுந்ததால் வெளுப்பாகவும் விழும். ஃபிலிமில் கைபட்ட கீறலும் ஒரு கோடாக விழத்தான் செய்யும். அல்ட்ராசோனிக் திரையிலோ, ரூட்டின், அதாவது வெல்டிங்கின் அடிப்பகுதியின், இயல்பான புடைப்பே ஓர் எதிரொலியைத் திருப்பி அனுப்பிப் புதியவர்களை ஏமாற்றிவிடும். இவை அனைத்துக்கும் 'அறிகுறி' என்பதே பொருத்தம். காய்ச்சல் ஓர் அறிகுறி, நோய் வேறு என்பதை மருத்துவரிடம் போய்வந்த எவரும் அறிவர். சாயம் துடைக்காததால் வருவது பொய் அறிகுறி. உலோகத்தில் உண்மையாகவே இருந்தாலும் தீர்ப்புக்கு உட்படாதது பொருந்தா அறிகுறி. தீர்ப்புக்கு உட்படுவது பொருந்தும் அறிகுறி. அழுத்தக் கலன்களுக்கான ஏ.எஸ்.எம்.இ. விதித்தொகுப்பின் எட்டாம் பிரிவில் டிபி சோதனைக்கு, 1.5 மி.மீ.க்கு மேற்பட்டவை மட்டுமே பொருந்தும் அறிகுறிகள்; அவற்றிலும் அகலத்தைப் போல் மும்மடங்குக்கு மேல் நீளமிருந்தால் அது நீள் அறிகுறி, உடனே தள்ளத்தக்கது; தனித்து நிற்கும் வட்ட அறிகுறியாக இருந்தால் 5 மி.மீ. தாண்டினால்தான் தள்ளத்தக்கது. இந்த ஒரு விதியைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: அறிகுறி என்று ஒரு சொல் தனியே இல்லாமல் எழுதவே முடியாது.

திருச்செங்கோட்டுத் தம்பி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிப் பட்டறைகளில் எல்லோரும் ஆங்கிலச் சொல்லையே சொல்வதால் அதை அப்படியே விட்டுவிடலாம் என்கிறார். வெல்டிங், ராடு, அண்டர்கட், ரூட் ஆகியவற்றை நானும் இந்தக் கடிதத்தில் அப்படியேதான் எழுதியிருக்கிறேன். அவை பொருளின் பெயர்கள், பட்டறை அவற்றைத் தன்னுடையதாக்கிக்கொண்டுவிட்டது. ஆனால் தம்பி, நான் போன பட்டறைகளில் டிஸ்கண்டினியூட்டி என்ற சொல்லை வெல்டர்கள் சொல்லி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவர்கள் சொல்வது எல்லாவற்றுக்கும் டிஃபெக்ட் என்பதுதான். அதாவது நாம் பிரித்துக்காட்ட விரும்பும் வேறுபாடே அங்கே இல்லை. சொல் இல்லாத இடத்தில் வேறுபாடும் இல்லாமல் போகிறது. விதிகளின் தொகுப்பைக் குறிக்கும் கோட் என்ற ஆங்கிலச் சொல்லைக்கூட நான் தமிழில் எழுதுவதில்லை. 'கோடு' என்று எழுதிவிட்டால் படிப்பவர் சாக்பீஸ் கோட்டைத் தேடுகிறார். அதற்கு விதித்தொகுப்பு என்பதையே பயன்படுத்தி வருகிறேன்.

குழு ஒப்புக்கொண்டால், வரும் மாதம் முதல் என் தமிழ்ச் சீட்டில் மூன்று கட்டங்கள் போடப்போகிறேன்: முதலில் அறிகுறி, எந்தச் சோதனையில், எங்கே தெரிந்தது என்று, அடுத்து இடையறவு, என்ன வகை, என்ன அளவு என்று, கடைசியில் பழுதா இல்லையா என்று, விதியின் எண்ணோடு. கடைசிக் கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தால் கிரைண்டரைத் தொட வேண்டாம் என்ற ஒரு வரியும் அதன் கீழே இருக்கும். பெருந்துறை ஐயா தம் பயிற்சி வகுப்பிலும் இதே சீட்டைக் கொடுத்துப் பார்த்து, மாணவர்கள் எந்தக் கட்டத்தில் தடுமாறுகிறார்கள் என்று எழுதினால், 'பிறழ்வு' பற்றிப் பேசும்போது அது மிகவும் உதவும்.

அன்புடன்,
வெல்டிங் ஆய்வாளர், கோவை