கம்பியில் கோத்த மணி இலை: நுனி மழுங்குகிறது, காம்பு முறிகிறது

பூவரசு (கல்லடி):

அனைவருக்கும் வணக்கம். நான் கல்லடியில் வீட்டிலிருந்தபடியே மணி நகைகள் செய்து வருகின்றேன். மாலையும் கைச்சங்கிலியும் கோத்துப் பழகிய எனக்கு இலை வடிவம் இதுவே முதன்முறை. நடுவில் நரம்புபோல ஒரு வரிசை மணியை நிறுத்தி, மணி கோத்த கம்பியை அதன் இருபுறமும் சுற்றிக்கொண்டு வரும் முறையைப் பின்பற்றுகின்றேன். பிரெஞ்சு மணிவேலை என்று அதைச் சொல்கிறார்கள். எங்கள் வளவில் நிற்கும் பூவரசின் இலையைப் போல, அடி உருண்டும் நுனி கூர்ந்தும் இருக்கும் ஒரு சோடித் தோடு செய்ய வேண்டும் என்பதே விருப்பம்.

நான் பாவிப்பது 11/0 அளவுள்ள பச்சை மணி. கம்பி, நான் பார்த்துப் பழகும் காணொளியில் சொன்னபடியே 28 ஆம் இலக்கச் செம்புக் கம்பி. நடு நரம்புக்கு ஏழு மணி, அதைச் சுற்றி மூன்று சுற்று. எண்ணிக்கை பிசகாமல் செய்தும் நுனி கூராகாமல் கரண்டி முனைபோல் மழுங்கி நிற்கிறது. சுற்றுகளுக்கு இடையில் வெளிச்சம் தெரிகிறது. அதைவிடக் கவலை தருவது காம்புதான். நேற்று மூன்றாவது இலையை முடித்து, தோட்டுக் கொக்கியை மாட்டுவதற்காகக் காம்பைக் குறட்டால் வளைத்தபோது, அது அடியோடு முறிந்து கையில் வந்துவிட்டது. முன்னர் செய்த இலைகளிலோ, குறடு பட்ட இடங்கள் மட்டும் கறுத்துப்போயிருக்கின்றன. கடற்காற்றுத்தான் காரணம் என்கிறார் அம்மா. அப்படியானால் இலை முழுவதும் அல்லவா கறுக்க வேண்டும்?

கைவேலை (கல்முனை):

தங்கச்சி, முதலில் எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். காணொளியில் இருப்பவர் கோக்கும் மணியும் நீங்கள் கோக்கும் மணியும் 11/0 என்ற ஒரே பெயரில் விற்கப்பட்டாலும், தயாரிப்புக்குத் தயாரிப்பு தடிப்பு சற்று மாறும். மலிவான பைகளில் ஒரே பைக்குள்ளேயே மாறும். ஒவ்வொரு சுற்றையும் நரம்போடு சேர்த்துப் பிடித்து, கண்ணால் அளந்து, தேவையான மணியை மட்டும் மேலே தள்ளுங்கள். மணி கூடினால் வரிசை வெளியே பிதுங்கும். குறைந்தால் இலை கிண்ணம்போல் குழியும்.

நுனியைத் தீர்மானிப்பது கம்பி நரம்பைக் கடக்கும் சாய்வுதான். நரம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வெறுங்கம்பியை, மணி கோத்த கம்பி செங்கோணத்தில் கடந்தால் அந்த முனை உருண்டு வரும். கூர்மை வேண்டுமானால், மேலே போகும் வரிசையை நரம்பின் கடைசி மணியோடு நிறுத்தாமல் ஒரு மணி கூடுதலாக விட்டு, ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் மேல்நோக்கிக் கடந்து, ஒருமுறை இறுகச் சுற்றி, அதே சாய்வில் கீழே இறக்க வேண்டும். பூவரசம் இலைக்கு மேலே சாய்வும் கீழே செங்கோணமும் சரியாக இருக்கும். ஒரு சுற்றில் முன்பக்கமாகவும் அடுத்த சுற்றில் பின்பக்கமாகவும் கடந்தீர்களானால் இரு முகத்திலும் கம்பி தெரியும். முதலில் கடந்த விதத்திலேயே கடைசிவரை கடந்து வாருங்கள்.

காம்பைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் விபரம் வேண்டும். அந்தக் கம்பியை எங்கே வாங்கினீர்கள்?

பூவரசு (கல்லடி):

நன்றி அக்கா. எண்ணிக்கையைத்தான் நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தேன். கம்பி, மோட்டார் திருத்தும் கடையொன்றில் வாங்கியது. 28 என்று கேட்டேன். மட்டைத் துண்டு ஒன்றில் சுற்றித் தந்தார்கள். மிகவும் மலிவு.

வைண்டிங் மேசை (அக்கரைப்பற்று):

சகோதரிக்கு வணக்கம். மணிவேலைக்கும் எனக்கும் வெகு தூரம். வயலுக்கு நீர் இறைக்கும் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுவது என் தொழில் என்பதால், கம்பியைப் பற்றி மட்டும் சொல்கின்றேன்.

இலக்கம் ஒன்றாக இருந்தாலும் கம்பி ஒன்றல்ல. எங்கள் கடைகளில் பெரும்பாலும் எஸ்.டபிள்யூ.ஜி. என்னும் பிரித்தானிய அளவு புழங்குகிறது. வெளிநாட்டுக் கைவேலைக் காணொளிகளில், குறிப்பாக அமெரிக்கக் காணொளிகளில், சொல்லப்படுவது ஏ.டபிள்யூ.ஜி. என்னும் அமெரிக்க அளவு. அவர்களின் 28 ஆம் இலக்கம் 0.321 மில்லிமீற்றர், எங்கள் 28 ஆம் இலக்கம் 0.376 மில்லிமீற்றர். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் வட்டக் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறுவதால், உங்கள் கையில் இருப்பது காணொளிக்காரரின் கம்பியைவிட ஏறத்தாழ இருமடங்கு விறைப்பானது. அது நுனியில் மடியாமல் வளைந்து நிற்பதிலும், சுற்றுகளுக்கு இடையில் வெளிச்சம் தெரிவதிலும் வியப்பில்லை. அடுத்த முறை 30 என்று கேளுங்கள், அது 0.315 மில்லிமீற்றர், அமெரிக்க 28க்கு மிக அருகில் வரும்.

இரண்டாவதாக, மட்டையில் சுற்றித் தந்தார்கள் என்பது எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. புதுக் கம்பி ஆலைச் சுருளிலிருந்து வரும். பழைய மோட்டாரிலிருந்து கழற்றி நிமிர்த்திய கம்பியாக இருந்தால், கூர்ந்து பார்க்கும்போது சீரான இடைவெளியில் மெல்லிய அலைகள் தெரியும். ஆங்காங்கே வார்னிஷ் பொருக்கும் ஒட்டியிருக்கும். செம்பை வளைக்க வளைக்க அது கடினமாகி, ஒரு கட்டத்தில் முறியும். கழற்றிய கம்பியோ உங்கள் கைக்கு வருவதற்கு முன்னரே பலமுறை வளைந்தது. ஒரு துண்டை எடுத்து, ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் மடித்து, எத்தனையாவது மடிப்பில் முறிகிறது என்று புதுக் கம்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கறுப்புக்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது. மோட்டாருக்குச் சுற்றும் வைண்டிங் கம்பியின் மேல் எனாமல் பூச்சு உண்டு. அந்தப் பூச்சு இருக்கும்வரை காற்றும் வியர்வையும் செம்பை எளிதில் தொடமாட்டா. குறட்டின் பல் அதைக் கீறிய இடத்தில்தான் செம்பு வெளிப்பட்டுக் கறுக்கிறது. கடற்காற்று அதை விரைவுபடுத்தும் என்பதால், அம்மா சொன்னதும் பாதி சரி.

நூலும் ஊசியும் (ஏறாவூர்):

இவ்வளவு பாடு எதற்கு? கம்பியை விட்டுவிட்டு, ஊசியால் சாய்வாகத் தைக்கும் ரஷ்ய இலை முறைக்கு மாறலாமே. முறியாது, கறுக்காது, காதில் பாரமும் தெரியாது. மீன்பிடிக்குப் பாவிக்கும் மெல்லிய தங்கூசி இழையிலேயே தைக்கலாம்.

கைவேலை (கல்முனை):

ரஷ்ய இலை அழகுதான். ஆனால் அது வேறொரு நகை. துணிபோல் தொய்ந்து விழும். பூவரசின் விறைப்பு அதில் வராது. தங்கூசியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை: வழுவழுப்பினால் முடிச்சு தானாகக் கழலும், வெயிலில் நாட்பட நொறுங்கும். தைப்பதானால் மணிவேலைக்கென்றே வரும் நைலோன் நூல் நல்லது.

தங்கச்சி, வைண்டிங் தம்பி சொன்னதோடு காம்புக்கு இன்னொன்று. அடியிலுள்ள கம்பி வளையத்தை வெட்டி, முனைகளைக் குறட்டால் முறுக்கி, பிறகு கொக்கிக்காக மீண்டும் வளைக்கிறீர்கள் என்று நினைக்கின்றேன். முழு வளைவும் ஒரே இடத்தில் விழுகிறது. வளையத்தை வெட்டாமல் விரலால் மூன்று நான்கு முறை மட்டும் முறுக்கி, மிஞ்சும் கண்ணை ஒரு தடித்த ஊசியில் வைத்துச் சிறிதாக்குங்கள். அந்தக் கண்ணிலேயே கொக்கி தொங்கட்டும். குறடு வேண்டிய இடத்தில், அதன் வாயில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் துணியைச் சுற்றிக்கொண்டால் பூச்சு கீறாது.

பூவரசு (கல்லடி):

நான்கு நாட்கள் கழித்து எழுதுகின்றேன். பழைய கம்பியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, அண்ணன் சொன்ன அலைகள் அப்படியே தெரிந்தன. மடித்துப் பார்த்ததில் அது ஐந்தாவது மடிப்பில் முறிந்தது; புதிதாக வாங்கிய 30 ஆம் இலக்கக் கம்பி பன்னிரண்டைத் தாண்டியும் நின்றது. முதல் இலையில் சாய்வு கைவரவில்லை. இரண்டாவதில் நுனி கூராகிவிட்டது. கண்ணில் கொக்கியை மாட்டி இழுத்தும் பார்த்தேன், அசையவில்லை. ஒரு குறை மட்டும் மிச்சம்: மூன்றாம் சுற்று முடிந்ததும் இலை உள்நோக்கிச் சற்றுக் குழிகிறது.

கைவேலை (கல்முனை):

கடைசிச் சுற்றில் மணி போதவில்லை. இரு பக்கத்திலும் ஒவ்வொன்று கூட்டுங்கள். அதனால் வரிசை பிதுங்கினால், மணியைக் கூட்டாமல் அரை மணி அளவுக்குக் கம்பியை நெகிழ்த்தினால் போதும். மற்றக் காதுக்கான இலையை இடப்பக்கத்திலிருந்து சுற்றத் தொடங்குங்கள். அப்போதுதான் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும் சோடியாக அமையும்.