முந்திரி, பைன் நட் எதுவும் போடாமல் பெஸ்டோ வருமா?

தக்காளித்தொக்கு:
மகனுக்கு ஆறு வயது. முந்திரி, பிஸ்தா இரண்டும் ஆகாது, டாக்டர் எல்லாக் கொட்டைகளையுமே தள்ளிவைக்கச் சொல்லியிருக்கிறார், அட்ரினலின் ஊசி எப்போதும் என் பையில். லண்டனில் இருக்கிறோம். பள்ளித் தோழன் டப்பாவில் பெஸ்டோ (பேசில் என்ற துளசி வகை இலையில் செய்கிற சாஸ்) கலந்த பச்சைப் பாஸ்தாவைப் பார்த்துவிட்டு வந்து ஒரே நச்சரிப்பு. கடையில் பெஸ்டோ பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் முந்திரி என்று தடித்த எழுத்தில் இருக்கிறது, பக்கத்திலேயே பைன் நட் சாதாரண எழுத்தில். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டிலேயே பேசில், பூண்டு, சீஸ், ஆலிவ் எண்ணெய் எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு ஓட்டினேன். எண்ணெய் தனியாகப் பிரிந்து நின்றது, லேசாகக் கசப்பு, பத்து நிமிடத்தில் நிறம் கறுத்து நேற்றைய கீரை மசியல் மாதிரி ஆகிவிட்டது. கொட்டை போடாததால்தான் இப்படியா? அதற்குப் பதில் என்ன போடலாம்?

சட்னிக்கரண்டி:
சட்னிக்குப் போடுகிற பொட்டுக்கடலையை இரண்டு ஸ்பூன் பொடித்துப் போடுங்கள், கெட்டியாக நிற்கும். மூன்றாவது ஸ்பூனுக்குப் போகாதீர்கள், அப்புறம் அது இட்லிக்குத்தான் ஆகும். அனுபவம்.

அம்மிக்கல்:
பொட்டுக்கடலையும் வேண்டாம், எதுவுமே வேண்டாம் என்பது என் கட்சி. பெஸ்டோ இத்தாலியின் ஜெனோவா ஊர்ச் சமாச்சாரம், அங்கே பைன் நட் உண்டு, சரி. அதே கடற்கரையோடு மேற்கே போனால் பிரான்சின் ப்ரோவான்ஸ், அங்கே பிஸ்டூ என்று கிட்டத்தட்ட இதையேதான் பேசில், பூண்டு, ஆலிவ் எண்ணெய் வைத்து இடிக்கிறார்கள், சிலர் சீஸும் சேர்ப்பார்கள், கொட்டை கிடையாது. ஒரு ஊரே கொட்டையில்லாமல் சாப்பிடும்போது நாம் ஏன் பதிலுக்கு ஒன்றைத் தேட வேண்டும்?

உங்களுக்குச் சொதப்பியது மிக்ஸியால். பிளேடு சுற்றச் சுற்ற ஜார் சூடாகும், இலை நார்நாராகக் கிழிந்து காற்று பட்டதும் கறுக்கும், நல்ல ஆலிவ் எண்ணெயை வேகமாக அடித்தால் அது வேறு கசக்கும். பெஸ்டோ என்ற பேரே இடிப்பது என்ற வார்த்தையிலிருந்து வந்ததுதான், அங்கே பளிங்கு உரலும் மர உலக்கையும். நம் வீட்டில் இஞ்சி தட்டுகிற கல் உரல் போதும். நான்கு பேருக்கு 60 கிராம் இலை, ஒரே ஒரு பல் பூண்டு, 50 கிராம் துருவிய சீஸ், 70 மில்லி எண்ணெய். முதலில் பூண்டையும் கல்லுப்பையும் விழுதாக்குங்கள், பிறகு இலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, குத்தாமல் சுவரோடு சுழற்றித் தேயுங்கள், அப்புறம் சீஸ், எண்ணெய் கடைசியில் ஸ்பூனால் கலக்கினால் போதும்.

கை வலிக்கும், மிக்ஸிதான் என்றால் இலையைக் கொதிநீரில் பத்து விநாடி முக்கி உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு, துணியில் ஒற்றி எடுங்கள், பச்சை அப்படியே நிற்கும். வாசனை கொஞ்சம் குறையும், அதனால் எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. எண்ணெயை அப்போதும் கையால்தான்.

கெட்டிக்கு ஒரு வழி ஜெனோவாக்காரர்களிடமே இருக்கிறது. பாஸ்தா வேகிற தண்ணீரிலேயே உருளைக்கிழங்குத் துண்டும் பீன்ஸும் போடுவார்கள். கிழங்கு லேசாகக் கரைந்து சாஸைப் பிடித்துக்கொள்ளும். வடிப்பதற்கு முன் ஒரு கப் தண்ணீரை எடுத்துவைத்து, அடுப்பை அணைத்த பிறகு சாஸோடு கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். அடுப்பு எரியும்போது கலந்தால் சீஸ் திரிந்து பழையபடி எண்ணெய் பிரியும்.

கொத்தமல்லிக்கட்டு:
சமையல் சரி, அலர்ஜி விஷயத்தில் இரண்டு மூன்று சொல்லணும். இங்கே பிரிட்டனில் லேபிளில் கட்டாயம் எடுத்துக்காட்ட வேண்டிய 14 அலர்ஜிப் பொருட்களில் பைன் நட் வராது, அது விதைக் கணக்கு. அதனால்தான் முந்திரி மட்டும் தடிப்பாகத் தெரிந்தது. தடித்த எழுத்தை மட்டும் மேயாமல் முழுப் பட்டியலையும் படியுங்கள்.

அந்த மிக்ஸி ஜாரில் முன்னே குருமாவுக்கு முந்திரி அரைத்திருக்கிறீர்களா? பிளேடுக்கு அடியில் இருக்கும் வாஷரைக் கழற்றிப் பாருங்கள், என் ஜாரில் வெள்ளையாக ஒரு வளையமே ஒட்டியிருந்தது. நான் பையனுக்கென்று தனி ஜார் வாங்கிவிட்டேன். கல் உரலுக்கும் இதே கேள்விதான். சிலர் சூரியகாந்தி விதை போடுவார்கள், பையன் ஏற்கெனவே சாப்பிடுகிற விதை என்றால் சரி, ஆனால் பாக்கெட்டில் கொட்டை கலந்திருக்கலாம் என்று போட்டிருந்தால் தொடாதீர்கள்.

சைவம் என்றால் இன்னொன்று: பெஸ்டோவுக்குப் போடுகிற அசல் பார்மிஜானோ சீஸ், பாலைத் திரிய வைக்க, கன்றுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுக்கிற ரென்னட் போட்டுத்தான் செய்வது. சைவம் என்று அச்சடித்த கெட்டி சீஸ் கிடைக்கும். மீந்தால் வெளியே வைக்காதீர்கள், பூண்டும் எண்ணெயும் சேர்ந்தது ஆபத்து. ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள், அதற்கு மேல் என்றால் சீஸ் போடாமல் ஐஸ் ட்ரேயில் உறைய வைத்து, வேண்டும்போது சீஸ் சேருங்கள்.

சட்னிக்கரண்டி:
ரென்னட் விஷயம் இன்றுதான் தெரியும். பதினைந்து வருஷமாகச் சாப்பிடுகிறேன், அம்மாவிடம் சொல்லப் போவதில்லை.

தக்காளித்தொக்கு:
ஞாயிற்றுக்கிழமை செய்தேன். வாஷரைக் கழற்றிப் பார்த்ததும் மிக்ஸி ஆசை போய்விட்டது, புதிதாக ஒரு கல் உரல் வாங்கி நான்கு ஈடாக இடித்தேன், இருபது நிமிடம் ஆனது. துளிக் கசப்பில்லை, நிறமும் அப்படியே. கிழங்கு நன்றாகவே கரைந்து பாஸ்தாவோடு ஒட்டிக்கொண்டது. பொட்டுக்கடலை போடவில்லை, சகோ மன்னிக்கவும். மகன் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான், பீன்ஸை மட்டும் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தான்.